இரண்டு கொடிக்கு இரண்டு முறை

மணப்பாடு,
தை 4

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் நீ பேசி அனுப்பியதைக் கேட்டேன். நாலு நிமிஷத்தில் மூன்றை உன் காருக்குக் கொடுத்திருக்கிறாய். அரை நிமிஷம் உங்க அம்மாவின் முட்டுவலிக்கு. மிச்சம் பீச் ரோட்டுக் காற்று. பதிலைப் போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் ஆரம்பித்த மூன்றாவது வாக்கியத்தில் நீ "ஆபீஸ்ல இருக்கேன் மாமா" என்பாய். அதனால் காகிதத்தை எடுத்துவிட்டேன். காகிதத்துக்கு ஆபீஸ் கிடையாது.

உன் கேள்வியை ஒருமுறை நானே எழுதிக்கொள்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். போன தை மாதம் செகண்ட் ஹேண்டில் பெட்ரோல் கார் வாங்கினாய். வாங்கிய அன்றே ஆயில், ஃபில்டர் எல்லாம் மாற்றினாய். இந்த ஒரு வருஷத்தில் ஓடியது 2,600 கிலோமீட்டர். காரோடு வந்த புத்தகத்தில் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்று என்று போட்டிருக்கிறது. பட்டறைக்காரர் ஆறு மாதமாக மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். ஆபீஸில் உன் கூட்டாளி 3,000-க்கு ஒருதடவை மாற்றாவிட்டால் என்ஜின் போய்விடும் என்கிறார். நீ கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாய்: இந்த ஓட்டத்தில் 10,000 வருவதற்கு நாலு வருஷம் ஆகும், அதுவரை கவலை இல்லை. சரிதானே மாமா என்கிறாய்.

சரியில்லை. ஆனால் நீ தப்பாகக் கணக்குப் போடவில்லை. தப்பான மீட்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டிருக்கிறாய்.

நான் முதலில் தொழில் பழகியது காரில் இல்லை என்பது உனக்குத் தெரியும். தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் தோணி என்ஜினில்தான் கை கறுத்தது. தோணிக்கும் வள்ளத்துக்கும் கிலோமீட்டர் கிடையாது, மணிக்கணக்குதான். இந்த என்ஜின் இத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, ஆயிலை இறக்கு என்பார்கள். அந்தக் கணக்கை உன் காருக்குப் போட்டுப் பார்ப்போம். பிரையண்ட் நகரிலிருந்து பீச் ரோட்டு ஆபீஸுக்கு உனக்கு நாலு கிலோமீட்டர். அதற்கு இருபது நிமிஷம் என்று நீயே புலம்பியிருக்கிறாய். ரயில்வே கேட்டில் நிற்கிறாய், கடை வாசலில் ஏசியைப் போட்டபடி போன் பேசுகிறாய். போக வர நாற்பது நிமிஷம். வருஷத்துக்கு முந்நூறு நாள் என்று வைத்துக்கொள். 200 மணி நேரம். அதே 200 மணி நேரம் ஒருவன் மதுரை ரோட்டில் சராசரி ஐம்பதில் போயிருந்தால் அவன் மீட்டரில் 10,000 ஏறியிருக்கும். உன் மீட்டர் 2,600 என்கிறது. ஆனால் உன் என்ஜின் 10,000 கிலோமீட்டர் உழைப்பை முடித்துவிட்டது. சக்கரம் நின்றிருந்தபோதும் கிராங்க் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதைச் சக்கரத்தின் மீட்டர் எப்படி அறியும்?

இது பாதிதான். மற்ற பாதி இன்னும் மோசம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் அது அப்படித்தான். பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றோடு சேர்ந்து நீராவியாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சைலன்சர் நுனியில் சொட்டுகிறதே, அதுதான். ஆனால் பிஸ்டன் ரிங்கின் ஓரமாகக் கொஞ்சம் கீழே நழுவி ஆயில் சேம்பருக்குள் போகும். அதோடு எரியாத பெட்ரோலும் கொஞ்சம் போகும். என்ஜின் நன்றாகச் சூடேறி ஓடினால் இந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகி, அதற்கென்று வைத்திருக்கும் குழாய் வழியே வெளியேறிவிடும். இதில் ஒரு சங்கதி. டாஷ்போர்டில் காட்டுகிற சூடு தண்ணீரின் சூடு. ஆயில் அதைவிட மெதுவாகத்தான் சூடேறும். கால் மணி நேரம், இருபது நிமிஷம் தொடர்ந்து ஓட வேண்டும். ஆயில் சூடேறும் நேரத்தில் நீ ஆபீஸ் வாசலில் சாவியைத் திருகி எடுத்துவிடுகிறாய். ஈரம் உள்ளேயே தங்கிவிடும். சாயங்காலம் மறுபடியும் அதே கதை. அந்த ஈரமும் எரிந்த கசடும் சேர்ந்தால் அமிலம். நாள்பட்டால் ஆயில் கறுத்துத் திரண்டு, வெந்து ஆறிய களி மாதிரி ஓரங்களில் ஒட்டிக்கொள்ளும்.

மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போகும் தோணியை எண்ணிப் பார். என்ஜின் இரவும் பகலும் ஒரே சீராக உறுமிக்கொண்டு போகும். பாரம் அதிகம், ஆனால் ஆயில் சூடு குறையாது, ஈரம் தங்காது. எட்டு கிலோமீட்டர் ஓடி வீட்டு வாசலில் மினுக்கிக்கொண்டு நிற்கும் உன் காரைவிட அந்தத் தோணிக்கு ஆயில் விஷயத்தில் நல்ல வாழ்வு. குறைவாக ஓட்டினால் வண்டி அப்படியே இருக்கும் என்ற நினைப்பை முதலில் விட்டுவிடு.

இப்போது உன் காரின் புத்தகத்தை மறுபடி எடு. 10,000 என்ற எண்ணைப் பார்த்தவுடன் மூடியிருப்பாய். அதற்குப் பக்கத்தில் 'அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது' என்று இருக்கும். நம் நாட்டில் ஓடுகிற பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு இதுதான் கணக்கு. இன்னும் சில பக்கம் தள்ளிப் போ. கடினமான பயன்பாடு என்று ஒரு தனிப் பட்டியல் இருக்கும். அடிக்கடி குறுந்தூரம் ஓட்டுவது, நெரிசலில் நின்று நின்று போவது, வெகுநேரம் வண்டியை நிறுத்தியபடி என்ஜினை ஓட விடுவது, புழுதி ரோடு, பாரம் இழுப்பது. அப்படிப்பட்ட வண்டிக்குத் தவணை பெரும்பாலும் பாதியாகக் குறையும். அந்தப் பட்டியலைப் படிக்கிறவர்கள் எல்லாரும் இது யாரோ மலைக்காட்டில் ஜீப் ஓட்டுகிறவனுக்கு எழுதியது என்று நினைக்கிறார்கள். உனக்கு எழுதியதுதான் மருமகனே.

நம் ஊரைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கடற்கரை ஊர், உப்புக் காற்று, அதனால் ஆயில் சீக்கிரம் கெடும் என்று சொல்லி ஆயில் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். உப்புக் காற்று ஆயிலுக்குள் நேராகப் போய்க் கெடுப்பதில்லை. அது வெளியே வேலை செய்யும். ஆயில் சேம்பரின் தகடு, அதன் அடியில் இருக்கும் ட்ரெயின் போல்ட், ஃபில்டரின் கூடு, இவைதான் அரித்துப் போகும். உப்பளத்து ரோட்டில் தினமும் போகிற லோடு வண்டியின் அடிவயிற்றைக் குனிந்து பார்த்தால் விளங்கும். ஆகவே ஆயில் மாற்றும்போது சேம்பரில் துரு இருக்கிறதா, போல்ட் மரை நன்றாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல். உள்ளே போய்க் கெடுப்பது புழுதி. புதுத் துறைமுகத்துப் பக்கம் நிலக்கரித் தூள், அனல் மின் நிலையத்துச் சாம்பல், நீ என்னைப் பார்க்க வரும் வழியில் தேரிக்காட்டுச் செம்மண். இவற்றைத் தடுப்பது ஏர் ஃபில்டர். அது கிழிந்திருந்தால் எத்தனை விலை உயர்ந்த ஆயில் ஊற்றினாலும் மணல்தாள் வைத்துத் தேய்ப்பது மாதிரிதான்.

அப்படியானால் உன் கூட்டாளி சொல்லும் 3,000 சரியா? அதுவும் இல்லை. அது என் காலத்துப் பாடம். எனக்குச் சொல்லித்தந்த மேஸ்திரி 3,000 என்றுதான் சொன்னார், அன்றைக்கு அவர் சொன்னது நியாயம். அமெரிக்காவிலும் வெகுகாலம் 3,000 மைல் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது கிட்டத்தட்ட 4,800 கிலோமீட்டர். அப்போதைய ஆயில் வேறு, என்ஜின் வேறு. கார்புரேட்டர் அளவுக்கு மேல் பெட்ரோலை ஊற்றிக் கொட்டும். அதற்கும் முன்னால் காரில் ஆயில் ஃபில்டரே கிடையாது. 1923-இல்தான் அமெரிக்காவில் இரண்டு பேர் அதைக் கொண்டுவந்தார்கள். இப்போது பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கிறது, ஆயிலும் தேறிவிட்டது. மதுரைக்கும் சென்னைக்கும் வாரம் இருமுறை போய்வருகிறவர் 3,000-க்கு ஒருதடவை மாற்றினால் நல்ல ஆயிலைக் காசு கொடுத்துக் கொட்டுகிறார் என்று அர்த்தம். அவர் 10,000 வரை நிம்மதியாகப் போகலாம்.

முந்தினாலும் நஷ்டம், பிந்தினாலும் நஷ்டம். இதை எனக்கு முதலில் சொன்னது எந்த மெக்கானிக்கும் இல்லை. உன் தாத்தா.

அவர் முத்துக்குளிப்பில் தோணியில் கயிறு பிடித்தவர். 1955-லிருந்து 1961 வரை நம் கடலில் நடந்ததே, அந்தக் கடைசிக் குளிப்பு. குளிகல்லோடு கீழே போனவனின் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சை எண்ணுகிற வேலை. அவர் சொல்வார்: கடலடிப் பாறைத் திட்டான பாரில் சிப்பி கிடக்கிறது என்பதற்காக எவனும் குதித்துவிட மாட்டான். முதலில் பார் பார்க்கப் போவார்கள். கொஞ்சம் சிப்பியை மாதிரிக்கு அள்ளி வந்து, அழுகவிட்டு, கழுவி, தேறிய முத்தை மதிப்புப் போட்டுப் பார்ப்பார்கள். சிப்பிக்கு நாலைந்து வயது ஆகியிருக்க வேண்டும். இளசாக இருந்தால் முத்து பொடியாக இருக்கும், கூலிக்கும் கட்டாது. சரி, இன்னும் பெருக்கட்டும் என்று ஆசைப்பட்டு விட்டுவைத்தால் சிப்பி ஆயுசு முடிந்து செத்து வாய் திறந்துவிடும், முத்து மணலில் போய்விடும். பல வருஷம் பார்த்துவிட்டு, இந்த வருஷம் குளிப்பு இல்லை என்று திரும்பியதும் உண்டு. காலண்டரைப் பார்த்துக் குளிக்கவில்லை, சிப்பியைப் பார்த்துக் குளித்தார்கள்.

பின்னால் நான் கப்பலில் ஃபிட்டராக ஏறியபோது அதே வழக்கத்தை என்ஜின் ரூமில் பார்த்தேன். கப்பலின் பெரிய என்ஜினில் ஆயில் லிட்டரில் இல்லை, டன்னில் நிற்கும். அதை யாரும் தேதி பார்த்துக் கொட்டுவதில்லை. சுழல்கிற யந்திரத்தில் விட்டுத் தண்ணீரையும் கசடையும் பிரித்துக்கொண்டே இருப்பார்கள். சில மாதத்துக்கு ஒருமுறை சின்னக் குப்பியில் மாதிரி எடுத்துக் கரையில் உள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். தடிப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, அமிலத்தைத் தின்னும் சக்தி எவ்வளவு மிச்சம், எந்த உலோகத்தின் தூள் கலந்திருக்கிறது என்று அறிக்கை வரும். இரும்பு ஏறியிருந்தால் எங்கே தேய்கிறது, செம்பு ஏறியிருந்தால் எந்த பேரிங் என்று சீஃப் என்ஜினியர் உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்வார். அந்த அறிக்கையைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு உன் தாத்தாவின் மாதிரிச் சிப்பிதான் ஞாபகம் வரும்.

உன் காரில் மூன்று, நாலு லிட்டர்தான் நிற்கும். அதற்கு ஆய்வுக்கூடம் தேடினால் ஆயில் விலையைவிடச் செலவு கூடிவிடும். அதனால்தான் கம்பெனிக்காரன் பல வண்டிகளைச் சோதித்துப் பார்த்து உனக்காக ஒரு தவணையை எழுதி வைத்திருக்கிறான். ஆனால் மாதிரி பார்க்கும் வழி உனக்கு முழுக்க அடைபட்டுவிடவில்லை. டிப்ஸ்டிக் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், வண்டியைச் சமதரையில் நிறுத்தி ஐந்து பத்து நிமிஷம் கழித்துக் கம்பியை உருவு. துடை. முழுக்க உள்ளே விட்டு மறுபடி எடு. இரண்டு குறிக்கு நடுவில் இருக்க வேண்டும். கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் நடுவில் பல கார்களில் ஒரு லிட்டர் போல வரும். குறைந்தால் அதே வகை ஆயிலைக் கொஞ்சமாக ஊற்று. மேல்குறியைத் தாண்டி ஊற்றாதே. நிறைய இருந்தால் நல்லதுதானே என்று ஊற்றுகிறவர்கள் உண்டு. கிராங்க் அதில் அடித்து நுரை கிளப்பும், நுரை உலோகத்தைக் காப்பாற்றாது. நிறத்தைப் பார்த்துப் பயப்படாதே. கறுப்பு என்றால் அழுக்கைத் தன்னிடம் வாங்கி வைத்திருக்கிறது, அதுதான் அதன் வேலை. டீசல் வண்டியில் புது ஆயில்கூட ஊற்றிய கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும். விரலில் தேய்த்தால் மணல் மாதிரி நெருடினாலோ, பெட்ரோல் வாடை தூக்கினாலோ, ஊற்றாமலே அளவு ஏறியிருந்தாலோ, அப்போது பயப்படு. பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது.

அந்தக் காப்பி நிறத்தை 2023 டிசம்பரில் நம் ஊரே பார்த்தது. 17, 18 தேதிகளில் பெய்த மழை உனக்கு மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். தண்ணீர் வடிந்த பிறகு உங்கள் தெருவுக்கு வந்து நானும் நாலைந்து வண்டியைப் பார்த்தேன். முங்கிய காரில் ஏறி, பார்ப்போமே என்று சாவியைத் திருகியவர்கள் என்ஜினுக்குள் தண்ணீரை இழுத்துக்கொண்டார்கள். தண்ணீரை நசுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. சாவியைத் தொடாமல் கட்டி இழுத்துக் கொண்டுபோனவர்கள் பிழைத்தார்கள். ட்ரெயின் போல்ட்டைக் கழற்றினால் முதலில் தண்ணீர், பிறகு காப்பி. புது ஆயில் ஊற்றி, கொஞ்சம் ஓட விட்டு, மறுபடி இறக்கி, மறுபடி ஊற்றி, நிறம் தெளியும் வரை இரண்டு, மூன்று தடவை. வெள்ளத்தில் நின்ற வண்டிக்குக் கிலோமீட்டரும் இல்லை, மாதமும் இல்லை. அன்றே மாற்ற வேண்டும். இனி ஒரு மழை வந்தால் உனக்கு நான் போன் பண்ணிச் சொல்ல முடியாது, அன்று டவர் இருக்காது. இப்போதே மனசில் எழுதிக்கொள்.

என்ன ஆயில் என்று கேட்டிருந்தாய். புத்தகத்தில் 0டபிள்யூ-20 என்றோ 5டபிள்யூ-30 என்றோ ஒரு எண் இருக்கும். முன்னால் வருவது குளிரில் எப்படி ஓடும் என்பது, பின்னால் வருவது சூட்டில் எவ்வளவு தடிப்பு என்பது. அதையே வாங்கு. நம் ஊர் வெயிலுக்குத் தடித்த ஆயில்தான் தாங்கும் என்று ஒருவர் சொல்வார், நானும் ஒருகாலத்தில் சொன்னேன். இப்போதைய என்ஜினில் பேரிங் இடைவெளியும் ஆயில் ஓடும் பாதையும் குறுகல். தடித்தது மேலே ஏறத் தாமதமாகும், அந்த நேரத்தில் உலோகமும் உலோகமும் உரசும். பெட்ரோலும் கூடக் குடிக்கும். சிந்தெடிக் ஆயில் சூட்டில் சீக்கிரம் கெடாது, நல்லதுதான். ஆனால் உன் வண்டியில் சேருகிற ஈரம் சிந்தெடிக் என்று பார்த்து ஒதுங்கிப் போகாது. அதைக் காரணம் காட்டித் தவணையைத் தள்ளாதே. கூடவே ஊற்றச் சொல்லிச் சின்ன டப்பா ஒன்று நீட்டுவார்கள், வேண்டாம் என்று சொல். சேர்க்க வேண்டியதையெல்லாம் ஆயில் செய்தவனே சேர்த்துத்தான் அடைத்திருக்கிறான்.

சீல் உடைக்காத டப்பாவாக, பில்லோடு வாங்கு. உன் கண் முன்னால் திறந்து ஊற்றட்டும். காலி டப்பாவை வெட்டிப் போட்டுவிட்டு வா. முழு டப்பாவாகக் கிடந்தால் அதில் வேறு எதையோ நிரப்பி மறுபடி விற்பதற்கு ஆள் இருக்கிறது.

ஆயில் மாற்றும்போது ஃபில்டரையும் மாற்று. ட்ரெயின் போல்ட்டுக்கு அடியில் ஒரு வாஷர் உண்டு, சின்ன சாமான்தான், அதையும் புதிதாகப் போடச் சொல். அங்கேயே நின்று பார். வேலை செய்கிறவனை நம்பாமல் இல்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன், இதை உங்க அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை.

கப்பலுக்குப் போகுமுன் இரண்டு வருஷம் கார்ப் பட்டறையில் இருந்தேன். ஒரு பெரியவரின் மாருதி வேன் ஆயில் மாற்ற வந்தது. பழைய ஃபில்டரைக் கழற்றினேன். அதன் ரப்பர் வளையம் என்ஜினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது, நான் பார்க்கவில்லை. புது ஃபில்டரை அதன் வளையத்தோடு மேலே முறுக்கிவிட்டேன். வளையத்தின் மேல் வளையம். பட்டறையில் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தபோது ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. மதுரை ரோட்டில் குறுக்குச்சாலை தாண்டி வேகம் எடுத்தபோது ஆயில் அழுத்தத்தில் வளையம் பிதுங்கிவிட்டது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. டிரைவர், எட்டயபுரம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மிதித்திருக்கிறார். எட்டயபுரம் போய்ச் சேரவில்லை, என்ஜின் பிடித்துக்கொண்டது. பெரியவர் என்னைத் திட்டவில்லை. "தம்பி, இனிமே கண்ணால பாத்துட்டு மாட்டு" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இதில் உனக்கு இரண்டு பாடம். ஃபில்டர் கழன்று வந்ததும் பழைய வளையமும் கூட வந்ததா என்று கேள். சின்ன எண்ணெய்க் குடுவை மாதிரி அந்தச் சிவப்பு விளக்கு ஓட்டத்தில் எரிந்தால், ஓரம் கட்டி உடனே நிறுத்து. அடுத்த ஊர், அடுத்த பெட்ரோல் பங்க் என்று நினைக்காதே. ஆயில் அழுத்தம் இல்லாமல் என்ஜின் வெகுநேரம் தாங்காது. நம் சங்குகுளிப்பவர்களைப் பார், கம்ப்ரஸர் தரும் காற்றில்தான் கீழே மூச்சு விடுகிறார்கள். மேலே யந்திரத்தின் சத்தம் மாறினால் வள்ளத்தில் இருப்பவன் அந்த நொடியே கயிற்றை இழுப்பான், கரைக்குப் போய் யோசிக்க மாட்டான்.

இறக்கிய ஆயில் என்ன ஆகிறது என்றும் பார். நீ வீட்டில் மாற்றினாலும் சரி, பட்டறையில் மாற்றினாலும் சரி, அது சாக்கடைக்குப் போகக் கூடாது. நம் ஊர்ச் சாக்கடை பக்கிள் ஓடையில் சேரும், பக்கிள் ஓடை கடலில் சேரும். ஒரு லிட்டர் பழைய ஆயில் பத்து லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கெடுக்க வல்லது என்று கணக்குச் சொல்கிறார்கள். எதிரே மன்னார் வளைகுடா. 21 தீவுகளைச் சேர்த்து 1986-லிருந்து தேசியப் பூங்கா. பவளமும் கடற்பசுவும் சிப்பியும் கிடக்கிற கடல். உன் தாத்தா கயிறு பிடித்த பாரும் அங்கேதான் இருக்கிறது. பழைய ஆயிலை அபாயக் கழிவு என்று 2016 விதிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைச் சுத்திகரித்து மறுபடி ஆயிலாக்க முடியும். ஆகவே ட்ரம்மில் சேர்த்து, அதற்கென்று அனுமதி பெற்றவர்களிடம் கொடுக்கிற பட்டறையாகப் பார்த்துப் போ.

கடைசியில் ஒரு கேலி செய்திருந்தாய். சில்லாநத்தம் சிப்காட்டில் மின்சாரக் கார் ஆலை வந்துவிட்டது, 2024 பிப்ரவரியில் அடிக்கல், 2025 ஆகஸ்டில் திறப்பு, இனி என்ஜினும் இல்லை, ஆயிலும் இல்லை, உங்க வித்தைக்கு வேலை போச்சு மாமா என்று. போகட்டும். என் வயசுக்கு அது நட்டமில்லை. மின்சாரக் காரில் என்ஜின் ஆயில் கிடையாதுதான், அதன் கியர் பெட்டியில் மட்டும் கொஞ்சம் ஆயில் உண்டு. நீ அதை வாங்கும்போது அதற்கும் ஒரு புத்தகம் தருவார்கள். அதிலும் முதல் எண்ணைப் பார்த்ததும் மூடிவிடாதே, பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படி.

இனி தீர்ப்பு. நீ இதே வீட்டிலிருந்து இதே ஆபீஸுக்கு இதே காரில் போகிற வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்று. அதற்குள் 5,000 ஓடிவிட்டால் அப்போதே மாற்று, உன் ஓட்டத்தில் அது வராது. உத்தியோகம் மாறி தினமும் திருநெல்வேலி போய்வருகிறாய் என்றால் 10,000, அல்லது ஒரு வருஷம். வாரம் ஒருநாள் என்ஜினை நன்றாகச் சூடேற்று. வாகைக்குளம் ஏர்போர்ட் வரை போய்த் திரும்பினால் போதும், உள்ளே தங்கிய ஈரம் போகும்.

தேதி மறந்துபோகும் என்பாய். நம் ஊரில் பிறந்தவனுக்கு மறக்காது. ஜனவரி 26 தேசியக் கொடி ஏறும். ஜூலை 26 பனிமய மாதா கோவிலில் கொடி ஏறும். நடுவில் சரியாக ஆறு மாதம். கொடி ஏறுகிற வாரத்தில் ஆயிலை இறக்கு.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி காரிலேயே வை. தேதி, கிலோமீட்டர், ஆயில் எண், ஃபில்டர் மாற்றியது, பில் தொகை. ஒரு வரி போதும். நாளைக்கு இந்தக் காரை விற்கும்போது வாங்குகிறவன் மற்றதையெல்லாம் தட்டிப் பார்ப்பான், அந்த நோட்டைப் பார்த்ததும் பேரத்தை நிறுத்துவான்.

உன் வண்டி ஆயிலுக்கு ஒரு வருஷம் ஆகிவிட்டது. முதல் கொடிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. 26-ஆம் தேதி லீவுதான். முந்தின சனிக்கிழமையே மாற்றிவிட்டு, திங்கள்கிழமை உங்க அம்மாவையும் ஏற்றிக்கொண்டு மணப்பாட்டுக்கு வா. அறுபது கிலோமீட்டர், ஆயில் நன்றாகச் சூடேறும். வந்ததும் முதலில் டிப்ஸ்டிக்கை உருவி எனக்குக் காட்டு, பிறகு சாப்பிடலாம்.

உன் தாய்மாமன்.